கை நழுவுமா இரட்சிப்பு?

கடவுளின் மன்னிப்பை ஒருமுறை பெற்றவர் பிறகு அதை இழந்துபோக முடியுமா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ சபைகள் ஒரே பதிலைச் சொன்னதில்லை. முடியும் என்கிறது ரோமன் கத்தோலிக்கம். கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளும், லூத்தரன், மெத்தடிஸ்ட் சபைகளும், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவையும் அதையே சொல்கின்றன. முடியாது என்கின்றன கால்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபைகள். பாப்டிஸ்டுகளில் மிகப் பலரும் அவர்கள் பக்கம். ஆனால் ஒரு விஷயத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நேற்றுவரை ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடியவர்களில் சிலர் ஒருநாள் வராமலே போய்விடுகிறார்கள். அப்படிப் போனவரிடம் அதுவரை இருந்தது என்ன, அதற்கு என்ன பெயர் என்பதுதான் வழக்கு.

சிக்கல் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டு எழுப்புதல் கூட்டங்களில் புதிதாக வந்தவரிடம் முதலில் கேட்பது, “இரட்சிக்கப்பட்டீர்களா?” என்பது. ஆம் என்றால் அடுத்தது, “எந்த வருஷம்?” சிலர் மாதம் தேதியோடு சொல்வார்கள். அதே தெருவில் குடியிருக்கும் கத்தோலிக்கருக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகப் படும். அவர் மீட்பு என்று சொல்வது சாகும் நாள்வரை நீளும் காரியம்; இன்ன தேதியில் முடிந்தது என்று கணக்கெழுத அதில் ஒன்றுமில்லை. பவுலின் நிருபங்களில் இரண்டு பேச்சுக்கும் இடம் உண்டு. எபேசியருக்கு எழுதியதில் இரட்சிப்பு முடிந்த செயல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்தில் நடந்துகொண்டிருக்கிற செயல். ரோமருக்கு எழுதியதன் ஐந்தாம் அதிகாரத்தில் இனி நடக்கப்போகிற செயல். இழக்க முடியுமா என்று கேட்பவர் இம்மூன்றில் எதை மனத்தில் வைத்துக் கேட்கிறார் என்று முதலில் தெளிய வேண்டும். பெரும்பாலான விவாதங்களில் அதை யாரும் கேட்பதில்லை.

இழக்க முடியாது என்பவர்கள் முதலில் திறப்பது யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம். மேய்ப்பனின் கையிலிருந்து ஆடுகளை ஒருவரும் பறிக்க முடியாது என்ற வாக்கு அங்கே இருக்கிறது. எதிரணி கேட்பது, பறிக்க முடியாது சரி, ஆடு தானாகவே வேலி தாண்டி ஓடினால்? எபேசியர் முதல் அதிகாரம் பரிசுத்த ஆவியை அச்சாரம் என்கிறது. மூலமான கிரேக்கச் சொல் வியாபாரிகளின் சொல். தமிழில் பெயர்த்தவர்களும் சந்தையிலிருந்தே நல்ல சொல்லை எடுத்தார்கள். அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் கொடுத்த பணம் போய்விடும். இங்கே கொடுத்தவர் கடவுள், அவர் பின்வாங்க மாட்டார், ஆகவே பேரம் முடிந்தது போலத்தான் என்பது ஒரு தரப்பு வாதம். வாங்கிக்கொண்டவன் ஒப்பந்தத்தை முறித்தால் என்ன ஆகும் என்பது மறுதரப்பின் கேள்வி.

இழக்க முடியும் என்பவர்களின் கோட்டை எபிரெயர் ஆறாம் அதிகாரம். ஒளி பெற்று, பரம ஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியில் பங்குபெற்றவர்கள் மறுதலித்துப்போனால் அவர்களை மீண்டும் மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்று அந்த ஆசிரியர் எழுதுகிறார். ருசிபார்த்தவர்கள் என்றுதானே இருக்கிறது, சாப்பிட்டவர்கள் என்று இல்லையே. நுனிநாக்கில் பட்டதோடு சரி, அவர்கள் ஒருநாளும் மெய்யாக மறுபிறப்பு அடைந்ததில்லை என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஓவனும் அவருக்குப் பின் பலரும் விளக்கினார்கள். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கிறிஸ்து மரணத்தை ருசிபார்த்தார் என்கிறதே, அவரும் நுனிநாக்கில்தான் பார்த்தாரா என்பது எதிர்க்கேள்வி. கூர்மையான கேள்விதான். ஆனாலும் கேட்பவருக்கு முழு வெற்றி கிடைத்துவிடுவதில்லை. விழுந்தவர் எழுந்து வரலாம் என்று பிரசங்கிப்பவர்களுக்கு அந்தக் ‘கூடாத காரியம்’ தொண்டையில் சிக்கிய முள்.

அந்த முள் முதன்முதலில் பெரிதாக உறுத்தியது 250ஆம் ஆண்டுக்குப் பின்னர். ரோமப் பேரரசர் டேசியஸின் ஆணைப்படி பேரரசின் குடிகள் தேவர்களுக்குப் பலியிட்டு, மதுவை வார்த்து, படையலைச் சுவைத்து, அதிகாரிகளிடம் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும். எகிப்தின் வறண்ட மண்ணில் இத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. 250 ஜூன் 26 தேதியிட்ட ஒன்று அவுரேலியுஸ் டியோஜெனெஸ் என்ற 72 வயதுக்காரருடையது. பள்ளிச் சான்றிதழில் மச்சம் எழுதுவதைப் போல, வலது புருவத்தில் தழும்பு என்ற அங்க அடையாளம்கூட அதில் இருக்கிறது. அவர் கிறிஸ்தவரா என்பது சீட்டிலிருந்து தெரியாது. ஆணை எல்லோருக்கும் பொது.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவர்கள் பலர் பலிபீடத்துக்குப் போனார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே, கைக்காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். நெருக்கடி தணிந்ததும் இவர்கள் எல்லோரும் சபை வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். சித்திரவதையைத் தாங்கிச் சிறையில் கிடந்தவர்கள் மனமிரங்கி, இன்னாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சிபாரிசுக் கடிதங்கள் எழுதித் தந்தார்கள். கடிதங்கள் பெருகவே ஆயர் சிப்ரியானின் அதிகாரம் ஆட்டம் கண்டது. நெருக்கடி நாளில் அவரே தலைமறைவாக இருந்தவர் என்பதை எதிரிகள் சொல்லிக்காட்டத் தவறவில்லை. 251இல் கூடிய ஆயர் மன்றம், காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் நீண்ட தவத்துக்குப் பின் சாகும் தறுவாயில் சேரலாம் என்று முடிவு செய்தது. அடுத்த துன்புறுத்தல் நெருங்குவதாகத் தோன்றியபோது பிந்திய விதியும் தளர்ந்தது. ரோம் நகரில் நொவாத்தியன் என்ற மூப்பர் இதை ஏற்கவில்லை. மறுதலித்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும், சபைக்கு அந்த அதிகாரமில்லை என்று தனிச்சபை கண்டார். அந்தச் சபை சில நூற்றாண்டுகள் நீடித்தது. 325இல் நிசேயா மன்றத்துக்கு வந்த அதன் ஆயர் அசேசியுஸைப் பார்த்துப் பேரரசர் கான்ஸ்டன்டைன், ஏணி போட்டுத் தனியாகவே பரலோகம் ஏறிக்கொள்ளும்படி சொன்னதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தச் சண்டையில் கவனிக்க வேண்டியது, இரு தரப்பும் வாதிடாமலே ஒப்புக்கொண்ட செய்தி. ஞானஸ்நானம் பெற்றவர் கெட்டுப்போக முடியும் என்பதில் சிப்ரியானுக்கும் நொவாத்தியனுக்கும் சந்தேகமே எழவில்லை. போனதைத் திரும்பப் பெற வழி உண்டா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வழி குறுகலானது என்ற அச்சத்தில் பலர் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைனும் 337இல் மரணப் படுக்கையில்தான் அதைப் பெற்றார். முழு விசுவாசத்தோடு ஞானஸ்நானம் பெற்றவரைப் பிசாசு வீழ்த்த முடியாது என்று நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜோவினியன் என்ற துறவி சொன்னபோது, ரோமும் மிலானும் அவரைக் கண்டித்தன. வேத அறிஞர் எரோணிமுஸ் அவருக்கு எதிராக ஒரு நூலே எழுதினார்.

கேள்வியின் போக்கு மாறியது வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டினால். மனிதன் நன்மை செய்ய நினைப்பதே கடவுளின் கிருபைதான் என்று அவர் எழுதியவை, இன்றைய துனீசியாவில் இருந்த ஹாட்ருமேத்தும் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்த துறவிகளில் சிலர் அதை வைத்து நல்லதொரு வாதம் கட்டினார்கள்: எல்லாம் கிருபை என்றால், தவறு செய்கிற எங்களை மடத்துத் தலைவர் ஏன் கடிந்துகொள்ள வேண்டும்? எங்களுக்காக ஜெபித்தால் போதுமே! இதற்குப் பதிலாக 426 அல்லது 427இல் அகஸ்டின் கண்டிப்பையும் கிருபையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். முடிவுபரியந்தம் நிலைத்திருப்பது தனியான ஒரு வரம் என்பது அவர் நிலை. கடவுள் முன்குறித்தவர்களுக்கு அது தவறாமல் கிடைக்கும். ஆனால் மெய்யாகவே மறுபிறப்பு அடைந்தவர்களில் சிலருக்கு அது அருளப்படுவதில்லை. அவர்கள் விழுந்து கெட்டுப்போவார்கள். தனக்கு அது அருளப்பட்டிருக்கிறதா என்று உயிரோடிருக்கும் யாரும் அறிய முடியாது. பிற்காலத்தில் கால்வினின் சீடர்களும் கத்தோலிக்கரும் அகஸ்டினைத் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடியதற்கு இதுதான் காரணம். இருவருக்கும் அவரில் பாதிப் பங்கு உண்டு.

கத்தோலிக்கம் தன் பாதியைச் சட்டமாக எழுதியது திரெந்து பொதுச்சங்கத்தில். 1547 ஜனவரி 13ஆம் தேதி நிறைவேறிய தீர்மானத்தின்படி, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் அருளை இழக்கவே முடியாது என்பவரும், தனிப்பட்ட வெளிப்பாடு ஏதுமின்றித் தான் கடைசிவரை நிலைத்திருப்பது உறுதி என்பவரும் சபைக்குப் புறம்பானவர்கள். அருளைப் போக்குவது அவிசுவாசம் மட்டுமல்ல. சாவான பாவம் எதுவும் போக்கும். போனது பாவசங்கீர்த்தனத்தில் திரும்பவும் கிடைக்கும். ஆகவே இழப்பு ஒரு பேரிடியாக இல்லாமல், மனந்திரும்பினால் சரியாகிற நோயாகக் கத்தோலிக்க வாழ்வில் இடம்பெற்றது. கடைசி மணித்துளிதான் கவலைக்குரியது. கத்தோலிக்கர் அன்றாடம் சொல்லும் மங்கள வார்த்தை செபத்தின் இறுதி விண்ணப்பம் மரண வேளையை நோக்கியிருப்பது தற்செயல் அல்ல.

லூத்தரைப் பல விஷயங்களில் ரோமுக்கு நேர் எதிராக நிறுத்துவது வழக்கம். இந்த ஒன்றில் அவர் கால்வினைவிட ரோமுக்கே அருகில் நிற்கிறார். தாவீது அரசன் பத்சேபாளோடு பாவம் செய்து அவள் கணவனையும் கொலை செய்வித்தபோது விசுவாசமும் ஆவியும் அவனை விட்டு அகன்றன என்று அவர் 1538இல் வெளியான ஸ்மால்கால்டு உடன்பாட்டில் எழுதினார். 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் நீதிமானாக்கப்பட்டவர் ஆவியை இழக்க முடியாது என்றோரைக் கண்டித்திருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு கொண்டுவந்தது இந்த லூத்தரன் மரபைத்தான்.

எதிர்ப்பக்கத்தின் உறுதியான குரல் ஜெனீவாவிலிருந்து எழுந்தது. அகஸ்டின் பிரித்துவைத்த இரண்டையும் கால்வின் ஒன்றாகக் கட்டினார்: மறுபிறப்பு அடைந்தவர் எல்லோரும் முன்குறிக்கப்பட்டவர்களே, ஆகவே எல்லோரும் நிலைத்திருப்பார்கள், விழுந்துபோனவரிடம் இருந்தது பாறை நிலத்தில் முளைத்த விதையைப் போன்ற தற்காலிக விசுவாசம். ஜெனீவாவில் படித்த டச்சுக்காரர் யாக்கோபு ஆர்மீனியஸ் 1603இல் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானபின் முன்குறித்தலை மறுபரிசீலனை செய்தார். மெய்யான விசுவாசி கெட்டுப்போவான் என்று தான் ஒருபோதும் போதித்ததில்லை என்றும், ஆனால் அப்படித் தோன்றச் செய்யும் வசனங்கள் வேதத்தில் இருக்கின்றன என்றும் அவர் எச்சரிக்கையாகவே எழுதினார். ஆர்மீனியன் என்ற சொல் இன்று எதைக் குறிக்கிறதோ அதை ஆர்மீனியஸ் தயங்கித் தயங்கித்தான் தொட்டார். 1609இல் அவர் இறந்தார். மறு ஆண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஐந்து கூறுகள் கொண்ட முறையீட்டை அரசிடம் கொடுத்தார்கள். அதன் ஐந்தாம் கூறும், இழக்க முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்று நிறுத்திக்கொண்டது.

அந்தக் காலத்து நெதர்லாந்தில் இது போதகர்களின் சண்டையாக மட்டும் நிற்கவில்லை. ஸ்பெயினோடு 1609இல் செய்துகொண்ட 12 ஆண்டுப் போர்நிறுத்தத்தை ஆதரித்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் முறையீட்டாளர்களின் காவலர். போரை விரும்பிய இளவரசர் மாரிஸ் எதிர் முகாம். மாரிஸின் கை ஓங்கியபிறகு, 1618 நவம்பர் 13 அன்று டோர்ட்ரெக்ட் நகரில் தேசியச் சபைமன்றம் கூடியது. இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மன் நாடுகளிலிருந்தும் சுவிஸ் நகரங்களிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள். எபிஸ்கோப்பியஸ் தலைமையில் வந்த முறையீட்டாளர்கள் விவாதத்துக்கு வந்ததாக நினைத்தார்கள். மன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகவே நடத்தியது. நடைமுறை பற்றியே வாரக்கணக்கில் இழுபறி நடந்தபின் ஜனவரியில் தலைவர் போகர்மன் கோபத்தோடு அவர்களை வெளியேற்றினார். 1619 மே 13 அன்று, 71 வயது ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரில் தலை வெட்டப்பட்டார். ஆயுள்தண்டனை பெற்ற சட்ட அறிஞர் குரோஷியஸ் இரண்டாண்டுக்குப் பின் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து சிறையிலிருந்து தப்பினார். சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தார்கள்.

அரசியலின் ரத்தக்கறை அதன்மேல் இருந்தாலும், மன்றம் எழுதிய ஐந்தாம் பகுதி மேய்ப்பனின் அக்கறையோடு எழுதப்பட்டது என்பதை மறுக்க முடியாது. விசுவாசிகள் தாவீதைப் போலவும் பேதுருவைப் போலவும் கொடிய பாவத்தில் விழக்கூடும், ஆவியைத் துக்கப்படுத்துவார்கள், கிருபையின் உணர்வையே சில காலம் இழப்பார்கள், ஆனால் கடவுள் அவர்களை முற்றிலுமாகக் கெட்டுப்போக விடமாட்டார். லூத்தருக்கும் டோர்ட் மன்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு தாவீதை வைத்தே அளந்துவிடலாம். கொலை செய்த அந்த மாதங்களில் அவன் இரட்சிப்பின் வெளியே இருந்தானா, உள்ளேயே இருந்து நோயுற்றானா? கடவுள் கெட்டுப்போக விடமாட்டார் என்றால் வேதத்தின் எச்சரிப்புகள் எதற்கு என்ற கேள்விக்கு டோர்ட் தரப்பினர் காட்டும் உதாரணம் அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரம். புயலில் சிக்கிய கப்பலில் ஓர் உயிரும் சேதமாகாது என்று தூதன் சொன்னதாகப் பவுல் அறிவிக்கிறார். சற்றுப் பொறுத்து, மாலுமிகள் இறங்கி ஓடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று எச்சரிக்கிறார். வாக்கும் பொய்யில்லை, எச்சரிப்பும் வீணில்லை. எச்சரிப்பின் மூலமாகவே வாக்கு நிறைவேறியது. இந்தத் தரப்பின் வாதங்களில் மிக அழகானது இது.

ஆறுதலுக்காக எழுதப்பட்ட அந்தப் போதனை எல்லோருக்கும் ஆறுதலாக அமையவில்லை. இழந்துவிடுவேனோ என்ற பயம் போய், எனக்கு அது எப்போதாவது கிடைத்ததா என்ற பயம் வந்தது. இதை உள்ளிருந்து எழுதிக் காட்டியவர் ஆங்கிலேயப் போதகர் ஜான் பனியன். 1666இல் வெளியான தன்வரலாற்றில், கிறிஸ்துவை விற்றுவிடு என்ற குரல் ஓயாமல் தன்னைத் தொந்தரவு செய்ததையும், ஒருநாள் காலை அலுத்துப்போய், அவர் போக நினைத்தால் போகட்டும் என்று மனத்துக்குள் நினைத்துவிட்டதையும் சொல்கிறார். ஒரு கணத்து நினைப்புத்தான். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், ஒருவேளைக் கூழுக்குச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்ற ஏசா தான்தானோ என்று அவர் உருகினார். பிரான்செஸ்கோ ஸ்பியேரா என்ற இத்தாலிய வழக்கறிஞர் 1548இல் விசாரணை மன்றத்துக்கு அஞ்சிச் சீர்திருத்த விசுவாசத்தை மறுதலித்து, தனக்கு மன்னிப்பே கிடையாது என்ற அவநம்பிக்கையிலேயே மாண்டார். அந்தக் கதையைப் படித்தது பனியனுக்குப் பச்சைப் புண்ணில் உப்பைத் தேய்த்ததுபோல் ஆயிற்று. 1678இல் அவர் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையில் இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதன் ஸ்பியேராவின் நிழல் என்பது பலர் கருத்து.

பனியனின் அந்தப் பயணக் கதை திருநெல்வேலிச் சீமையில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கையில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியமாகி 1894இல் வெளிவந்தது. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். வைணவம் சரணாகதியைப் பேசும்போது காட்டும் இரண்டு குட்டிகள் தமிழர் பலருக்கும் தெரிந்தவை: தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலைக்கு, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கு. ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்த அருள்நெறியைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஒப்புமை ஓரளவுக்குத்தான் வரும். வைணவ வழக்கு அருள் வந்துசேரும் வகையைப் பற்றியது. இங்கே வழக்கு அது வந்துசேர்ந்தபின் நடப்பதைப் பற்றியது.

18ஆம் நூற்றாண்டில் இரண்டு நண்பர்களை இந்த விவகாரம் பிரித்தது. மெத்தடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி 1739இல் முன்குறித்தலுக்கு எதிராகப் பிரசங்கித்து அதை அச்சிட்டார். ஜார்ஜ் விட்ஃபீல்டு அமெரிக்காவிலிருந்து நீண்ட கடிதத்தால் பதிலடி கொடுத்தார். 1751இல் வெஸ்லி, பரிசுத்தவான்கள் நிலைத்திருப்பது பற்றித் தனிச் சிறுநூலே எழுதி, மெய்யான விசுவாசியும் விழுந்து கெட்டுப்போக முடியும் என்று வசனம் வசனமாக வாதிட்டார். விழுந்தவர் பலர் மீண்டதைத் தன் கண்ணால் கண்டவர் அவர். அந்த அனுபவத்தை வைத்து 1778இல் பின்மாற்றக்காரரை அழைக்கும் பிரசங்கத்தை வெளியிட்டார். எபிரெயர் ஆறாம் அதிகாரம் கிறிஸ்துவை வெளிப்படையாகத் தூஷித்து விலகியவர்களுக்கே உரியது என்று அதில் அந்த முள்ளைப் பிடுங்கப் பார்த்தார். போதனைக்கு ஏற்ற ஏற்பாடும் அவரிடம் இருந்தது. பிரிஸ்டலில் 1742இல் ஆலயக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தொடங்கிய சிறு குழுக்கள், வாராவாரம் ஒவ்வொருவரின் ஆத்தும நிலையை விசாரிக்கும் வகுப்புகளாக மாறின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஒழுங்கு தவறியவருக்குச் சீட்டு கிடையாது. இழக்கக்கூடியது என்று நம்பப்பட்ட ஒன்றை வாரந்தோறும் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் திரும்பியது. எழுப்புதல் கூட்டத்தில் எழுந்து முன்னால் வந்து ஜெபித்த அந்த நிமிஷமே இரட்சிப்பின் நிமிஷம் என்றாகி, பைபிளின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதிவைக்கும் பழக்கமும் வந்தது. ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவரே என்ற வாய்மொழி அங்கே வேர்விட்டுத் தமிழ்ப் பிரசங்க மேடைவரை வந்திருக்கிறது. இது டோர்ட் மன்றத்தின் போதனையேதான் என்று நினைப்பது தவறு. டோர்ட் சொன்னது, மெய்யான விசுவாசி விசுவாசத்தில் நிலைத்திருப்பான், நிலைத்திராதவன் தொடக்கத்திலேயே விசுவாசி அல்ல என்று. இந்தப் புதிய போதனையின் தீவிரமான வடிவம், விசுவாசத்தையே விட்டவனும் பரலோகம் சேர்வான், பலனை மட்டும் இழப்பான் என்கிறது. 1988இல் ஜான் மெக்ஆர்தர் இதற்கு எதிராக ஒரு நூல் எழுத, மறு ஆண்டே ஜேன் ஹாட்ஜஸும் சார்லஸ் ரைரியும் ஆளுக்கொரு நூலில் பதில் சொன்னார்கள். மூவருமே இரட்சிப்பை இழக்க முடியாது என்பவர்கள் என்பதுதான் வேடிக்கை. அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையோ 1978இன் தன் நிலைப்பாட்டு அறிக்கையில் நிபந்தனையற்ற பாதுகாப்பு என்ற கருத்தையே மறுத்திருந்தது.

சபைகளுக்கிடையே சமரச முயற்சிகளும் நடந்தன. 1999 அக்டோபர் 31 அன்று வத்திக்கானும் லூத்தரன் உலகப் பேரவையும் ஆக்ஸ்பர்க்கில் ஒப்பமிட்ட கூட்டறிக்கையில் இரட்சிப்பின் நிச்சயம் பற்றிய ஒரு பகுதி உண்டு: தன் பலவீனத்தைப் பார்த்து அஞ்சுகிறவர் கடவுளின் வாக்கை நம்பித் தேறலாம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். மெத்தடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகள் 2017இலும் அதில் சேர்ந்தன. இழக்க முடியுமா என்ற கேள்வியைத் தீர்ப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

தென்னிந்தியாவில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வேறொரு வழி கண்டிருந்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லியின் வழிவந்த மெத்தடிஸ்டுகளும், கால்வினின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையாரும், ஆங்கிலிக்கரும் அதில் ஒன்றாயினர். இணைப்பின் அடிப்படையாக வைத்தவை வேதாகமமும், அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களும். அந்த இரண்டு பிரமாணங்களிலும் பாவமன்னிப்பு இருக்கிறது, வரப்போகும் வாழ்வு இருக்கிறது. இடையில் ஒருவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.